மிளகாயும் நாமும்

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் கொல்லையில் நிற்கும் மிளகாய்ச் செடியைப் பண்டுதொட்டு நம்முடையதென்றே எண்ணி வருகின்றோம். அஃது அவ்வாறன்று. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த அச்செடி, 1498-இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கிய பின்னரே, போர்த்துக்கீசியர் வாயிலாக இந்நாடு புகுந்தது. அதற்குமுன் நம் முன்னோர்க்குக் காரம் தந்தவை மிளகும் திப்பிலியும் இஞ்சியுமே. வந்த காய்க்கு மிளகின் பெயரையே கூட்டி மிளகாயென்றனர். இன்றும் பல இல்லங்களில் சிராத்தச் சமையலில் மிளகாய்க்கு இடமில்லை, மிளகிற்கே இடம்.

செடியும் மாறாதிருந்ததில்லை. காட்டு மிளகாய் சிறுத்து மேல்நோக்கி நின்று, பறவை கொத்த எளிதில் உதிரும். மனிதர் கையில் வளர்ந்ததோ பெருத்துத் தொங்கிக் காம்பை விடாது நிற்கின்றது. அது நம் நாவை மாற்றிற்று. மனிதர் அதன் காயை மாற்றினர். இராமநாதபுரத்து முண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றதும் இவ்வுறவின் பயனே.

நல்ல பழத்தைப் பொறுக்கி விதைக்கென உலர்த்தி வைத்தவர் நம் பாட்டிமார். நாமோ வீரிய ஒட்டுவிதையை விலைக்கு வாங்குகின்றோம். அதன் வித்து மறுவிளைச்சலில் தாய்ச்செடியின் குணத்தை அவ்வண்ணமே தாராது. ஆதலின் இல்லந்தோறும் ஒரு நாட்டுச் செடியின் விதையையேனும் காத்து நம் மக்கள் கையில் ஒப்புவிப்போமாக!