கப்பல் ஏறும் முன்பே



சென்னைக்குத் தெற்கே கேளம்பாக்கம் சந்திப்பைச் சுற்றி, வண்டலூர்ச் சாலையிலும் ஓ.எம்.ஆரிலும் கோவளம் போகும் வழியிலும், அடுக்குமாடி வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. வீடு எழும்பினால் கதவுக்குக் கீல் வேண்டும், ஸ்க்ரூ வேண்டும், போல்ட்டும் நட்டும் வேண்டும், பால்கனிக்கு எஸ்.எஸ். கைப்பிடி வேண்டும். ஹார்டுவேர் கடை நடத்தும் இளைஞர்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள்: "மொத்த வியாபாரியிடம் ஏன் வாங்க வேண்டும், வெளிநாட்டிலிருந்து நாமே ஒரு கன்டெய்னர் இறக்கினால் என்ன சார்?" தாராளமாக இறக்கலாம். ஆனால் சரக்கு அங்கே கப்பல் ஏறுவதற்கு முன்பே இங்கே முடித்திருக்க வேண்டிய வேலைகள் சில உண்டு.

முதலில் உலோகத்தைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். எஸ்.எஸ். எனப்படும் துருப்பிடிக்காத எஃகை எவர்சில்வர் என்று பொதுவாகச் சொல்கிறோம். அதில் பல ரகம். 304 என்ற ரகத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 316-இல் மாலிப்டினமும் சேரும். உப்புக்கு அதிகம் ஈடுகொடுப்பது அதுதான். 200 வரிசை ரகங்களில் விலை கூடிய நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். புதிதாக இருக்கும்போது மூன்றும் ஒரே பளபளப்பு. காந்தம் வைத்துப் பார்க்கிற பழக்கமும் உதவாது. 202, 304 இரண்டிலுமே காந்தம் சரியாக ஒட்டாது. உப்பளமும் உப்பங்கழியும் பக்கத்தில் இருக்கிற கேளம்பாக்கத்தில், மட்டமான ரகம் சீக்கிரமே பழுப்புப் புள்ளி காட்டிவிடும். மாடிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கும் போல்ட் அப்படிப் போனால் அது அழகைப் பற்றிய பிரச்சினை இல்லை, உயிரைப் பற்றியது. ஆகவே அனுப்புகிறவரிடம் ஆலையின் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். எந்த உருக்கிலிருந்து, அதாவது ஒரே தடவையில் உருக்கிய எந்தத் தொகுதியிலிருந்து வந்தது, அதில் எந்தத் தனிமம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த உருக்கு எண் சரக்கிலோ பெட்டியிலோ இருக்கிறதா என்றும் ஒத்துப் பாருங்கள்.

இந்தக் கரைக்குக் கப்பலில் உலோகம் வருவது புதிதல்ல. டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரையெங்கும் ஜப்பான் நாட்டுச் செம்பைக் கொண்டுவந்து விற்றார்கள். அவர்களுடைய கோட்டை சதுரங்கப்பட்டினத்தில் இன்றும் நிற்கிறது. இப்போது நமக்குச் சரக்கு சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் வழியாக வருகிறது.

இறக்குமதி செய்ய வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் தரும் ஐ.இ.சி. எண் வேண்டும். அது எளிது. சிக்கல் தொடங்குவது எச்.எஸ். கோடு என்னும் வகைப்பாட்டு எண்ணில். ஸ்க்ரூவும் போல்ட்டும் 7318-இல் வரும். கதவுக் கீல் 8302. பூட்டு 8301. எவர்சில்வர் பாத்திரம் 7323. எண் மாறினால் வரி மாறும், விதியும் மாறும். 2019 நவம்பரில் எஃகு இறக்குமதிக்கு முன்பதிவு முறை ஒன்று வந்தது; சுருக்கமாக சிம்ஸ் என்பார்கள். எச்.எஸ். எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் அத்தியாயத்தைக் குறிக்கும்; அடுத்த ஆண்டு அந்தப் பதிவு 72, 73, 86 ஆகிய மூன்று அத்தியாயங்களுக்கு முழுமையாக விரிந்தது. ஆகவே ஒரே பெட்டியில் வருகிற ஸ்க்ரூவுக்குப் பதிவு வேண்டும், 83-ஆம் அத்தியாயத்தில் இருக்கும் கீலுக்கு வேண்டாம். செம்புக்கும் அலுமினியத்துக்கும் 2021 ஏப்ரலில் தனிப் பதிவு வந்தது.

அடுத்தது ஐ.எஸ்.ஐ. முத்திரை. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். போல்ட், நட்டு வகைகளுக்கு 2023 ஜூலையிலும், எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு 2024 மார்ச்சிலும் தரக்கட்டுப்பாட்டு ஆணைகள் அறிவிக்கப்பட்டன. இந்த ஆணைகளுக்குள் வரும் பொருள் என்றால், அதைச் செய்யும் வெளிநாட்டுத் தொழிற்சாலையே இந்திய தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) உரிமம் வாங்கியிருக்க வேண்டும். சரக்கு வந்து இறங்கிய பிறகு நாம் போய் வாங்கக்கூடிய சான்று அல்ல அது. ஆணைகளின் தேதிகளும் விலக்குகளும் அடிக்கடி மாறுவதால், ஆர்டர் கொடுக்கிற வாரத்தில் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

வரியையும் முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். ஸ்க்ரூ, போல்ட்டுக்கான அடிப்படைச் சுங்க வரி 2021 பட்ஜெட்டில் 10-லிருந்து 15 சதவீதமாக உயர்ந்தது. சரக்கு விலை, கப்பல் வாடகை, காப்பீடு மூன்றும் சேர்ந்து 10 லட்சம் ரூபாய் என்றால், 15 சதவீதக் கணக்கில் சுங்க வரி ஒன்றரை லட்சம். அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூகநல மேல்வரி, 15,000. ஆகமொத்தம் 11,65,000 ரூபாய்க்கு 18 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி., 2,09,700. கடைசித் தொகையை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் முதலில் கையிலிருந்து கட்டியாக வேண்டும்.

சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதி விவரப் பத்திரமான பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தாமதித்தால் முதல் மூன்று நாள் தினம் 5,000 ரூபாய், பிறகு தினம் 10,000. கன்டெய்னர் வாடகை தனியாக ஓடும். இன்னொன்று: 2020 ஜூனில் சென்னையிலும் பெங்களூரிலும் தொடங்கிய முகமறியா மதிப்பீட்டு முறை இப்போது நாடு முழுக்க இருக்கிறது. உங்கள் பெட்டி சென்னையில் இருக்கும். தாளைப் பார்க்கும் அதிகாரி வேறு ஊரில் இருப்பார். அவருக்குத் தெரிவது நீங்கள் எழுதியது மட்டும்தான். "ஹார்டுவேர் சாமான்" என்று மொட்டையாக எழுதினால் கேள்வி வரும். எஃகின் ரகம், அளவு, பயன் எல்லாம் எழுதினால் வேலை நடக்கும்.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 2004 செப்டம்பர் 30 அன்று, காசியாபாத் அருகே சாகிபாபாத்தில் ஓர் எஃகு ஆலையில், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்பில் கலந்திருந்த வெடிகுண்டுகள் வெடித்துத் தொழிலாளர் 10 பேர் இறந்தார்கள். அதன்பின் பழைய இரும்புக்கான விதிகளை அரசு இறுக்கியது. துண்டாக்கப்படாத பழைய இரும்பு குறிப்பிட்ட துறைமுகங்கள் வழியாகத்தான் வரலாம். வெடிபொருளோ கதிரியக்கமோ இல்லை என்று, ஏற்றுவதற்கு முன்பே அங்கே சோதித்த சான்றும் வேண்டும். கதிரியக்கம் வெறும் பயமுறுத்தல் அல்ல. 2008-இல் பிரான்சில் லிஃப்டுகளுக்காக வாங்கிய பொத்தான்களில் கோபால்ட்-60 இருந்தது தெரியவந்தது. அந்த எஃகு போனது இந்தியாவிலிருந்து. உலையில் ஒரு கதிரியக்கத் துண்டு விழுந்தால் அது அந்த உருக்கு முழுவதும் பரவிவிடும். கண்ணுக்குத் தெரியாது. அணுமின் நிலையம் உள்ள கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிறிய வியாபாரிக்கு இந்த விதிகள் பெரும் சுமை என்பதை நான் மறுக்கவில்லை. அறிவிப்புகள் தெளிவான தமிழில் வந்தால் பாதிச் சுமை குறையும். அதை அரசு செய்ய வேண்டும். அதுவரை நீங்கள் இதைச் செய்யுங்கள். எச்.எஸ். எண்ணை ஒரு நல்ல கஸ்டம்ஸ் ஏஜென்டிடம் எழுத்தில் வாங்குங்கள். தொழிற்சாலை தரும் ஐ.எஸ்.ஐ. உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டு, அதே தொழிற்சாலையின் பெயர், அதே பொருள் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் முன்பணம் அனுப்பாதீர்கள்.