பல் கூசுது, ஈறில் ரத்தம் வருது... பேஸ்ட் மாத்தினா போதுமா?

(மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் அரசு பல் மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

உள்ளே வரும்போதே ஒரு அக்கா கேட்டுட்டாங்க: "டாக்டர், ஜில்லுனு தண்ணி குடிச்சா பல் கூசுது. கூச்சத்துக்குன்னு விக்கிற பேஸ்ட் வாங்கினா போதுமா?"

பதிலுக்கு முன்னால, என்கிட்ட வந்த ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்றேன். இட்லிக் கடை நடத்துறவங்க. பல் தேய்க்கும்போது ரத்தம் வந்திருக்கு. பயந்துபோய் அந்த இடத்தில் பிரஷ் படாமலே தேய்ச்சிருக்காங்க. அப்புறம் கூச்சம் வந்தது. நீங்க சொன்ன அதே பேஸ்ட்டை வாங்கினாங்க, கூச்சமும் அடங்கிடுச்சு. இரண்டு வருஷம் கழித்து வரும்போது கீழ்வரிசை முன்பற்கள் ஆடிக்கிட்டு இருந்தன. ஒன்றை எடுக்கத்தான் வேண்டியிருந்தது.

பிரஷ் குத்தித்தான் ரத்தம் வருதுன்னு நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. ஈறு ஓரத்தில் கிருமிப் படலம் படிந்து, ஈறு வீங்கியிருப்பதால்தான் வருது. தேய்க்காமல் விட்டால் அந்தப் படலம் கெட்டியாகிக் காரையாகிவிடும். அதற்குப் பிறகு எந்த பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது. ஈறு மெல்ல இறங்கும், பல்லின் வேர் வெளியே தெரியும். வேருக்கு எனாமல் கவசம் கிடையாது. அதிலுள்ள நுண்ணிய துளைகள் வழியாகத்தான் குளிர்ச்சி நரம்பைத் தொடுது.

பேஸ்ட் கூச்சத்தைக் குறைக்கும், அது பொய்யில்லை. சில வாரம் தொடர்ந்து தேய்க்கணும். ஆனால் காரை அங்கேயேதான் இருக்கும். சொத்தையாலும் கூசலாம், பல்லில் விரிசல் விட்டாலும் கூசலாம். சாம்பல், செங்கல் பொடி போட்டு அழுத்தித் தேய்த்துத் தேய்ந்த பல்லும் கூசும். எதனால்னு பார்க்காமல் எப்படிச் சொல்றது?

"கிளீன் பண்ணினா பல் ஆடிடும்" என்று வீட்டுக்கு ஒருத்தராவது சொல்றீங்க. எடுத்தது காரையைத்தான், பல்லை இல்லை. காரை அடைத்திருந்த இடம் காலியாகத் தெரியும், சில நாள் கூசும். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல், காரை போனதும் வெளிப்படையாகத் தெரியும். அவ்வளவுதான்.

அந்த அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தேன். சர்க்கரை அதிகம், அதுவரை அவங்களுக்கே தெரியாது. சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு நோய் முற்றும், ஈறு நோய் முற்றினால் சர்க்கரை கட்டுப்படுவதும் கஷ்டம். 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டிலேயே சர்க்கரை மாத்திரை வாங்குறவங்க, அடுத்த தடவை அவங்க வரும்போது ஈறையும் பற்றிச் சொல்லுங்க.

எல்லார் கையிலும் போன் இருக்கு. இன்றைக்கு ராத்திரி செல்ஃபி கேமராவை வைத்துக் கீழுதட்டை இழுத்துப் பாருங்க. ஈறு சிவந்து, உப்பி இருந்தால் கவனிக்கணும். வீட்டு ஆண்களையும் பார்க்கச் சொல்லுங்க. பீடி, சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு ஈறு கெட்டிருந்தாலும் ரத்தம் அவ்வளவாக வராது, ஏமாந்துடுவாங்க.

சந்தேகம் இருந்தால் 104-க்கு போன் செய்து கேட்கலாம். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளே இருக்கு. அதுவரைக்கும் மிருதுவான பிரஷ், காலையும் ராத்திரியும் இரண்டு நிமிஷம். ரத்தம் வர்ற இடத்தை விட்டுடாதீங்க, அங்கேதான் மெதுவாகத் தேய்க்கணும்.

அக்கா, நீங்க திங்கட்கிழமை காலையிலேயே வந்து ஓ.பி. சீட்டு போட்டுடுங்க. பழைய சுகர் ரிப்போர்ட் இருந்தால் கையோடு எடுத்துட்டு வாங்க.