மழலையர் சார்பில் பேசுவோர்

ஆறு வயது நிரம்பாத குழந்தைக்கு வாக்குரிமை இல்லை. மனு எழுதவும் தெரியாது. அதற்காகப் பிறரே பேசுதல் வேண்டும். ஆயினும், இரக்கம் மட்டும் பேச்சுக்கு வலிமை தந்துவிடாது. சட்டமும் கணக்கும் கைவசம் இருத்தல் வேண்டும்.

2006-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் நம் உச்சநீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகள் 40 பேரேனும் இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பினர் கேட்டால், மூன்று மாதங்களுக்குள் அமைத்துத் தரவேண்டும் என்பதே அது. ‘கேட்டால்’ என்னும் சொல்லைக் கவனியுங்கள். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு அங்கன்வாடி வழியாக விலையில்லா உணவை உரிமையாக்கிற்று. உரிமையும் கேட்பாரற்றுக் கிடந்தால் ஏட்டுச் சுரைக்காயே.

ஆகவே, தொண்டு செய்ய விழைவோர் முதலில் வீடுதோறும் சென்று குழந்தைகளை எண்ணவேண்டும். பெயரும் வயதும் குறித்த மனுவில் தாய்மார்களே ஒப்பமிடவேண்டும். கூலி வேலைக்குச் செல்லும் தாய்க்கு மையம் எந்நேரம் திறந்திருத்தல் தகும் என்பதை அவளிடமே கேட்டறிய வேண்டும். மனுவிற்கு ஒப்புகைச் சீட்டுப் பெறவேண்டும். அஃதில்லையேல் கேட்டதற்கே சான்றில்லை.

வாய்பேசாப் பிள்ளைக்காகப் பேசுவோர் அதன் தாயின் வாயை அடைக்கலாகாது. அவள் குரலுக்குத் துணைக்குரலாய் நிற்பதே அவர்தம் கடமை.