ஆறு நாள், ஐந்து மேட்ச்
போன வாரம் சொன்ன மாதிரி, இன்னைக்கு அமெரிக்கன் ஃபுட்பால். காலால் உதைக்கிற நம்ம ஃபுட்பால் இல்லை; பந்தைக் கையில் அணைச்சுக்கிட்டு, எதிராளியை மோதித் தள்ளி முன்னேறுகிற ஆட்டம்.

டென்னசியில், மலை மேல சுவானின்னு ஒரு சின்ன ஊர். அங்கே இருக்கிற கல்லூரியின் டீம் 1899-ல் 12 மேட்ச் ஆடியது, பன்னிரண்டிலும் வெற்றி. அதில் ஐந்து, நவம்பர் 9 முதல் 14 வரை, ஆறே நாளில்! ஆஸ்டினில் டெக்சஸ், ஹூஸ்டனில் டெக்சஸ் ஏ அண்ட் எம், நியூ ஆர்லியன்ஸில் துலேன். ஞாயிறு ஓய்வு. அப்புறம் பேட்டன் ரூஜில் எல்.எஸ்.யூ., மெம்ஃபிஸில் மிசிசிப்பி. ஐந்து டீமும் ஒரு பாயின்ட்கூட எடுக்கலை.

ஏன் இப்படி ஒரு அலைச்சல்? காசுக்காகத்தாங்க. வாண்டர்பில்ட்டோட டிக்கெட் வசூலைப் பங்கு பிரிப்பதில் தகராறு. அந்த மேட்ச் நடக்கலை. அந்த வருமானத்தை ஈடுகட்டத்தான் மேனேஜர் லூக் லீ இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தார். அவரும் மாணவர்தான், பின்னாளில் செனட்டர் ஆனவர். ரயிலில் சுமார் 2,500 மைல். குடிக்க ஊர்த் தண்ணியையே பீப்பாயில் ஏத்திக்கிட்டுப் போனாங்க.

எனக்கு மலைப்பா இருக்கிறது பயணம்கூட இல்லை. அன்றைய விதிப்படி, களத்தை விட்டு வெளியே போனவர் அந்த மேட்ச்சில் திரும்ப உள்ளே வர முடியாது. அடிபட்டாலும் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கணும். மறுநாள் இன்னொரு ஊர், இன்னொரு டீம்.

அந்த சீசன் முழுக்க இவங்களுக்கு எதிரா பாயின்ட் எடுத்தது ஆபர்ன் மட்டும்தான். 11-10. ஒரே ஒரு பாயின்ட்டில் தப்பிச்சாங்க.