அடுத்து யார்?

ஒரு பெரிய பதவி காலியாகப் போகிறது என்று செய்தி வந்துவிட்டால் போதும். ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்து டீக்கடையானாலும் சரி, ராஜபாளையத்தில் ஷிஃப்ட் விடும் மில் வாசலானாலும் சரி, பேச்சு ஒன்றுதான்: அடுத்து யார்? 2025 ஜூலையிலும் அப்படித்தான் இருந்தது. தமிழ்நாட்டின் மாநிலங்களவை உறுப்பினர்களில் ஆறு பேருடைய பதவிக்காலம் அப்போது முடிந்தது. அவர்களில் ஒருவர் இந்தப் பக்கத்துக் கலிங்கப்பட்டியில் பிறந்த வைகோ. அவருக்கு மறுபடி இடம் கிடைக்குமா, வேறு யாருக்குப் போகும் என்று பல வாரங்கள் பேசினோம். கடைசியில் கவிஞர் சல்மா, நடிகர் கமல்ஹாசன் உட்பட ஆறு பேர் போட்டியின்றித் தேர்வானார்கள். மாநிலங்களவைக்கு வாக்களிப்பவர்கள் சட்டமன்ற உறுப்பினர்கள். எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்பது பலத்தைக் கூட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பெயர்கள் வெளியானதுமே பாதித் தேர்தல் முடிந்துவிடுகிறது.

சட்டப்படி அதில் குறையில்லை. ஆனால் 'அடுத்து யார்' என்ற கேள்விக்கு, இதே ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ஒரு காலத்தில் வேறு வகையில் பதில் சொல்லியிருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இந்த இரண்டு ஊரும், 1949 முதல் 1954 வரையிலான ஐந்து ஆண்டுகளில் சென்னை மாகாணத்தின் தலைமை கைமாறியதில் மூன்று முறை சம்பந்தப்பட்டன. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் கதை தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் ராஜபாளையம். மாகாணத்தின் தலைமையில் இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் 1949 ஏப்ரலில் பதவி விலகியபோது அந்த இடத்துக்கு வந்தவர் பூ.ச. குமாரசாமி ராஜா. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர், காந்தியவாதி, சத்தமில்லாத மனிதர். மாநிலக் காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜரின் ஆதரவு அவருக்கு இருந்தது. 1950 ஜனவரி 26 அன்று நாடு குடியரசானபோது சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் அவர்தான். இன்றைய ஆந்திரத்தின் பெரும்பகுதியும் மலபாரும் சேர்ந்த பெரிய மாநிலம் அது. அதை ஆண்டது ராஜபாளையத்துக்காரர் ஒருவர் என்பதை, அந்த ஊர் வழியாகக் குற்றாலத்துக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

அவர் ஆண்ட காலம் சுலபமான காலமல்ல. மழை பொய்த்தது, அரிசிக்குத் தட்டுப்பாடு, ரேஷன், கட்டுப்பாடு. தெலுங்கு மாவட்டங்களில் தனி மாநிலக் கோரிக்கை. கட்சிக்குள்ளே கோஷ்டிப் பூசல். 1952இல் வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமையோடு முதல் பொதுத்தேர்தல் வந்தது. 375 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. அமைச்சர்கள் பலர் தோற்றார்கள். முதலமைச்சரே ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் தோற்றார். சொந்த ஊர்ப் பக்கத்து மக்களே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

பெரும்பான்மை யாருக்கும் இல்லை. அப்போதுதான் மேலவை என்ற வாசல் திறந்தது. ஆளுநர் ஸ்ரீபிரகாசா ராஜாஜியைச் சட்ட மேலவைக்கு நியமித்தார். இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்து ஓய்வு பெற்றிருந்த ராஜாஜி, தேர்தலில் நிற்காமலே 1952 ஏப்ரலில் முதலமைச்சரானார். கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி இந்த நியமனத்தை எதிர்த்து உயர்நீதிமன்றம் வரை போனார், வழக்கு நிற்கவில்லை. ராஜாஜியின் திறமையை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. பதவிக்கு வந்த சில மாதங்களிலேயே உணவுக் கட்டுப்பாட்டை நீக்கிக் காட்டியவர் அவர். ஆனாலும் ஓட்டுக் கேட்டு வீதிக்கு வராத ஒருவருக்கு, வீதியில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது எட்டுவது கடினம். 1953இல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளி பாதி நேரம்தான். மீதி நேரம் பெற்றோர் செய்யும் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வி என்று ஊரே கொதித்தது. சொந்தக் கட்சியினரே எதிர்த்தார்கள். 1954இல் அவர் விலகினார்.

மறுபடியும் அதே கேள்வி. இந்த முறை விடை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தது. 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியில் வென்று டெல்லிக்குப் போயிருந்தவர் காமராஜர். அதே ஆண்டில், அதே பக்கத்து மக்கள், சட்டமன்றத்துக்குக் குமாரசாமி ராஜாவை மறுத்தார்கள், நாடாளுமன்றத்துக்குக் காமராஜரை அனுப்பினார்கள். கட்சி ஒன்றே ஆனாலும் ஆளைப் பார்த்துத்தான் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்.

காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியில் தலைவர் தேர்தல் நடந்தது. ராஜாஜியின் பக்கம் நின்றவர்கள் சி. சுப்பிரமணியத்தை நிறுத்தினார்கள், அவர் பெயரை முன்மொழிந்தவர் எம். பக்தவத்சலம். காமராஜருக்கு 93 வாக்கு, சுப்பிரமணியத்துக்கு 41. 1954 ஏப்ரல் 13இல் காமராஜர் பதவியேற்றார்.

அதற்குப் பிறகு அவர் செய்த இரண்டு காரியங்களைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஒன்று, தன்னை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும் அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். மொத்தமே எட்டுப் பேர் கொண்ட அமைச்சரவை. அதில் தோற்ற அணியின் இரண்டு தலைகள். 1952இல் காங்கிரசை எதிர்த்துத் தனிக் கட்சி நடத்திய ராமசாமி படையாட்சியாருக்கும் மாணிக்கவேலு நாயக்கருக்கும் இடம் இருந்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பி. பரமேஸ்வரனிடம் இந்து அறநிலையத் துறையை ஒப்படைத்தார். கோயிலுக்குள் போகவே பல தலைமுறை போராட வேண்டியிருந்த மக்களில் ஒருவர், கோயில்களை நிர்வகிக்கும் அமைச்சரானார். ஆண்டாள் கோயில் இருக்கும் ஊர் அனுப்பி வைத்த மனிதர் இதைச் செய்தார் என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு.

இரண்டாவது, அவரும் அப்போது சட்டமன்ற உறுப்பினரல்ல. ஆறு மாதத்துக்குள் ஏதாவதொரு அவையில் உறுப்பினராக வேண்டும். மேலவை வாசல் அவருக்கும் திறந்தே இருந்தது. அந்த வழியாகப் போனால் ஒரு கூட்டம், ஒரு துண்டறிக்கை தேவையில்லை. அவரோ குடியாத்தத்தில் இடைத்தேர்தலில் நின்றார். சொந்த ஊர் விருதுநகரும் அல்ல, தன்னை ஜெயிக்க வைத்த ஸ்ரீவில்லிபுத்தூரும் அல்ல, தூரத்து வட ஆற்காடு மாவட்டம். கம்யூனிஸ்ட் வேட்பாளர் எதிர்த்து நின்றார். காங்கிரசை விடாமல் எதிர்த்துவந்த பெரியாரும் அண்ணாவும் இந்த ஒரு மனிதருக்காகத் துணை நின்றார்கள். வென்று வந்துதான் சட்டமன்றத்தில் உட்கார்ந்தார்.

பத்தாண்டு கழித்து நேருவுக்குப் பின் யார் என்று உலகமே கேட்டபோது, 1964இல் சாஸ்திரியையும் 1966இல் இந்திரா காந்தியையும் பிரதமராக்குவதில் காங்கிரஸ் தலைவராக முன்நின்றவரும் அவர்தான். அந்தக் கதையைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள், விட்டுவிடுகிறேன்.

தோற்ற குமாரசாமி ராஜா என்ன ஆனார்? கட்சியை உடைக்கவில்லை, புலம்பவில்லை. 1954இல் ஒரிசாவின் ஆளுநராகப் போய் 1956 வரை இருந்தார். ராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த வீட்டை ஊருக்கே கொடுத்துவிட்டார். காந்தி கலை மன்றம் என்று இன்று ஊர் அறிந்திருப்பது அந்த வீடுதான். நவராத்திரிக்குக் கச்சேரி கேட்கப் போகிறோம், கூட்டம் என்றால் போகிறோம். அது ஒரு முதலமைச்சரின் வீடு என்று பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போய் யாராவது சொல்ல வேண்டும். ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து செய்யுங்கள்.

1957இல் அடுத்த பொதுத்தேர்தல் வந்தது. காமராஜர் சாத்தூரில் நின்று சட்டமன்றத்துக்குப் போனார். அவர் ஒரு காலத்தில் வென்ற ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியில், காங்கிரசைக் கடுமையாக எதிர்த்த முத்துராமலிங்கத் தேவரை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஆட்சி காமராஜருடையது, செல்வாக்கும் அவருடையது. அந்தத் தொகுதிக்கு அடுத்தவர் யார் என்பதை மட்டும் தொகுதிக்காரர்கள் தாங்களே முடிவு செய்துகொண்டார்கள். அந்தத் தேர்தல் முடிந்த அதே மார்ச் மாதத்தில் குமாரசாமி ராஜா காலமானார். ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதி இன்று இல்லை. இரண்டு ஊரும் தென்காசித் தொகுதிக்குள் இருக்கின்றன.