ஐந்து பங்கில் இரண்டு

சிவகங்கையின் கௌரி விலாசம் அரண்மனை நேயர்கள் அறிந்ததே என்பதாலும், அந்தமானின் சௌல்தாரியில் வானொலிக்குச் செவிகொடுப்போருள் அச்சீமையில் உறவினர் உள்ளோரும் இருக்கக்கூடும் என்பதாலும், இவ்வுரை அரண்மனை வாயிலைக் கடந்து, தெப்பக்குளக் கரையில் தொடங்கிக் கடைவீதி வரை நடக்க முனைகிறது. ஆனால் குளமே முதலில் நிறுத்திவிடுகிறது.

இராமநாதபுர அரியணையைப் பவானி சங்கரத் தேவர் கைப்பற்றிய காலத்தில், முந்தைய மன்னரான சேதுபதியின் மருமகனான நாலுகோட்டைச் சசிவர்ணத் தேவர் தஞ்சைக்குச் செல்லும் வழியில், சிவகங்கை எனப்பட்ட ஊற்றின் அருகே நாவல் மரத்தடியில் தவமிருந்த சாத்தப்பையா என்னும் ஞானியைக் கண்டு அருள்பெற்றார் என்பது செவிவழிச் செய்தி. சசிவர்ணரும் சேதுபதி மரபினரான கட்டையத் தேவரும் தஞ்சை மராட்டியரின் படைத்துணையால் பவானி சங்கரரை வென்றபின், பாம்பாற்றுக்கு வடக்கிலுள்ள நிலம் அத்துணைக்கு விலையாகத் தஞ்சைக்குச் சென்றது. எஞ்சிய சீமை 1730ஆம் ஆண்டையொட்டி ஐந்து பங்காக்கப்பட்டு, மூன்று கட்டையத் தேவருக்கும் இரண்டு சசிவர்ணருக்கும் கிடைத்தன. அந்த இரண்டு பங்கின் தலைநகர் அமைந்தபோது ஊற்று குளமாயிற்று, குளத்தின் பெயர் ஊருக்காயிற்று.

நேயர்களே, கடைவீதி சற்றுப் பொறுத்திருக்கட்டும். பிரான்சின் மேற்கு முனையான பிரிட்டானியில், 1185இல் ஜெஃப்ரி கோமகன் பிரபுக்களின் நிலம் இனிப் பங்கிடப்படாமல் மூத்த மகனுக்கே சேர வேண்டும் என்றும், தம்பியரை அவனே பேண வேண்டும் என்றும் ஆணையிட்டார். இராமநாதபுர மறவர் சீமையோ பங்கிட்டது. பங்கிட்டும் உறவு அறவில்லை. இராமநாதபுர இளவரசி வேலு நாச்சியார் சசிவர்ணரின் மகன் முத்து வடுகநாதரையே மணந்தார்.

பங்கிடாத நிலம்தான் பின்னாளில் பெரும் வழக்கானது. ஆங்கிலேயர் 1801இல் கௌரி வல்லபத் தேவரைச் சிவகங்கையின் ஜமீன்தாராக்கினர்; இந்த ஜமீன், அரசுக்கு வரி செலுத்தும் பொறுப்புடன் ஒருவரே முழுதாக ஆளும் நிலவுடைமை. அவர் 1829இல் ஆண்வாரிசின்றி மறைந்ததும், சொத்து அண்ணன் வழியினருக்கா, மனைவிமாருக்கும் மகள்களுக்குமா என்ற கேள்வி எழுந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றங்களில் அலைந்தது. 1863இல் இலண்டன் பிரிவி கவுன்சில், அதாவது பேரரசின் உச்ச மேல்முறையீட்டு மன்றம், ஜமீன் அவர் தாமே ஈட்டிய சொத்து என்று கொண்டு, மகள் காத்தம நாச்சியாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இந்து வாரிசுரிமை பயிலும் சட்ட மாணவர்கள் இன்றும் இவ்வழக்கைச் சிவகங்கை வழக்கு என்றே படிக்கின்றனர்.