கடைசிச் சொல்



பள்ளி வாயிற்காவலர் ஓய்வு பெற்றுப் புதியவர் வந்தால், பழைய கட்டளைகளையே அவரிடமும் கூறுகிறோம், அவருக்கும் விளங்கிவிடுகிறது. கணினி வலையமைப்பின் வாயிற்காவலனாகிய தீயரணுக்கும் இது பொருந்தும் என்று எண்ணி, நான் ஒருமுறை தவறினேன்.

2016-ஆம் ஆண்டில் நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில், பழைய கணினி ஒன்றே தீயரணாகவும், செய்திப் பொதிகளுக்கு வழிகாட்டும் ரூட்டராகவும் பணியாற்றியது. அதில் இருந்தது லினக்ஸின் ஐபிடேபிள்ஸ். அக்கணினி மூப்படைந்தமையால், புதிய கணினியில் ஓப்பன்பிஎஸ்டியின் பிஎஃப் என்னும் தீயரணை அமைத்தோம். 2001-ஆம் ஆண்டில் உரிமச் சிக்கலால் ஐபிஃபில்டர் நீக்கப்பட்டபோது, அதற்கு ஈடாக டேனியல் ஹார்ட்மையர் எழுதியதே பிஎஃப். பழகியவர்கள் இடர்ப்படாதவாறு ஐபிஃபில்டரின் இலக்கணத்தை ஒட்டியே அதனை அமைத்தார். எனக்கோ அந்த இலக்கணம் புதிது. எனினும் பழைய விதிகளை அதே வரிசையில் பெயர்த்தெழுதினேன்.

"ஐயா, ஒருமுறை சோதித்துப் பார்க்கலாமா?" என்றாள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி.

"விதிகள் பழையவைதாமே, அம்மா, சோதனை எதற்கு?" என்றேன்.

மறுநாள் உதவித்தொகை விண்ணப்பத்திற்குக் கடைசி நாள். முப்பது மாணவர்கள் கணினிகளின் முன் அமர்ந்தனர். எந்தப் பக்கமும் திறக்கவில்லை.

நற்பேறாக, பழைய கணினியை அப்புறப்படுத்தவில்லை. கம்பியை மீண்டும் அதில் செருகினோம். மாலைக்குள் அனைவரும் விண்ணப்பித்தனர்.

பிழையைக் கண்டறிந்தவள் அம்மாணவியே. ஐபிடேபிள்ஸ், விதிகளை மேலிருந்து பார்த்து, விடு என்றோ தடு என்றோ கூறும் விதி ஒன்று பொருந்தியவுடன் நின்றுவிடும். பிஎஃப் இறுதிவரை பார்த்து, கடைசியாகப் பொருந்திய விதியையே நிறைவேற்றும். என் பட்டியலின் கடைசி வரி, 'அனைத்தையும் தடு' என்பது. பழைய அமைப்பில் எஞ்சியவற்றை மட்டும் தடுத்த அவ்வரி, புதிய அமைப்பில் எல்லாவற்றையுமே தடுத்துவிட்டது!

"நம் தமிழ் வாக்கியம் போலத்தான், ஐயா. 'அவன் வருவான் என்று நான் சொல்லவில்லை' என்றால், கடைசிச் சொல்தானே பொருளை முடிவு செய்கிறது?" என்றாள் அவள்.

தடையை முதலிலும், பொதுவிதிகளை அதன் பின்னும், சிறப்பு விதிகளை இறுதியிலும் வைத்தோம். 'குயிக்' என்னும் சொல்லைச் சேர்த்தால், பிஎஃப்பும் அவ்விதியோடு நின்றுவிடும் என்பதையும் அறிந்தோம். இம்முறை சோதித்த பின்னரே கம்பியை மாற்றினோம்.

அடுத்த நாள் காலைக் கூட்டத்தில் அனைவர் முன்னிலையிலும் என் தவற்றை ஒப்புக்கொண்டேன்.

நண்பர்களே, சொற்களைப் பெயர்ப்பது எளிது. அவற்றை ஆளும் இலக்கணத்தை அறிவதே அரிது. புதியதற்கு மாறுங்கள், ஆனால் சோதிக்க ஒரு நாளும், திரும்பிவர ஒரு வழியும் வைத்துக்கொண்டு மாறுங்கள். இளையோர் கேட்கும் கேள்விக்குச் செவிகொடுங்கள்.